மதப் பூசலைப் படிக்கும் வேலை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதப் பூசலை ஆராய்வது என் வேலை. அதைப் பற்றி நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்லூரிகளில் பேசப் போனால், கூட்டம் முடிந்ததும் நாலைந்து மாணவர்கள் தயங்கித் தயங்கி வந்து கேட்பார்கள். சில நேரம் அவர்களுடைய அப்பாவோ மாமாவோ போன் செய்து கேட்பார்கள். வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மதவியல் என்றால் சாமியார், பாதிரியார் ஆகிற படிப்பா?

இல்லை. இறையியல் கல்லூரியில் ஒரு மதத்துக்குள் நின்று அந்த மதத்தைப் படிப்பார்கள். மதவியலில் எல்லா மதங்களையும் மனிதர்கள் செய்கிற காரியமாகப் பார்க்கிறோம். எப்படிக் கும்பிடுகிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை வாசலோடு நிறுத்துகிறார்கள், கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, இதெல்லாம் எங்களுக்குப் பாடம். இதில் ஒரு கிளைதான் மதங்களுக்கிடையே வரும் பூசலை ஆராய்வது. வரலாறு, மானிடவியல், சட்டம், அரசியல் எல்லாம் இதில் கொஞ்சம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

இதற்கு ஏன் குமரி மாவட்டம்?

வேறெங்கும் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு அடுக்குகளைப் பார்க்க முடியாது என்பதால்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் 18,70,374 பேர். இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், இஸ்லாமியர் 4.2 சதவீதம். இரண்டு பெரிய சமயங்கள் ஏறக்குறையச் சரிபாதியாக, ஒரே ரப்பர் தோட்டத்திலும் ஒரே பஸ்ஸிலும் இருக்கிற மாவட்டம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்.

ஆனால் இந்தச் சதவீதத்தை நம்பி மட்டும் ஆய்வைத் தொடங்காதீர்கள். சாமித்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1809-ல் பிறந்து 1851-ல் மறைந்த அய்யா வைகுண்டர் வழியில் வருகிறவர்கள் பதி என்கிற தங்கள் வழிபாட்டு இடத்தில் சிலை வைப்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுகிறார்கள், ஆண்கள் தலைப்பாகை கட்டி உள்ளே போகிறார்கள். அய்யாவழி தனி மதம் என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். கணக்கெடுப்பு அவர்களை இந்துக்களோடு சேர்த்து எண்ணிவிடுகிறது. இன்னொரு பக்கம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஒரு குடும்பத்தின் சாதிச் சான்றிதழில் இந்து என்று இருக்கும். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி கிடையாது என்கிறது 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை. பிள்ளையின் படிப்பு, வேலை எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்குகிறது. அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று எழுதுகிற ஆய்வாளனுக்கு அந்தத் தாளின் எடை தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

மண்ணுக்குள்ளும் அடுக்குகள் உண்டு. சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள், அதே இடத்தில் பின்னால் பகவதி வந்தாள். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் மகாவீரரையும் பார்சுவநாதரையும் இன்றும் பார்க்கலாம். தக்கலையில் 17-ஆம் நூற்றாண்டு ஞானி பீர்முகம்மது அப்பாவின் தர்கா இருக்கிறது. ஆண்டுதோறும் இரவு முழுக்க அவருடைய தமிழ்ப் பாடல்களை ஓதுகிறார்கள். கடற்கரைக்கு 1544-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார், மயிலாடிக்கு 1806-ல் லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே வந்தார். சமயம் மாறுவது, சமயங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவது எல்லாம் இங்கே நேற்று தொடங்கியதில்லை.

மதப் பூசல் என்றால் கடவுளைப் பற்றிய சண்டையா?

நான் பார்த்தவற்றில் கடவுளைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பாதை, ஒலிபெருக்கி, அலங்கார வளைவு, குருசடிக்கு, அதாவது தெருவோரச் சிலுவைக் கூடத்துக்கு, மேல் போட்ட கூரை, கொடி, கல்லறைத் தோட்டம், இவைதான் காரணங்கள்.

பழையதைப் பார்த்தாலும் அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டின் தோள்சீலைக் கலகத்தில் சந்தைக்குப் போன பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள், பள்ளிகளையும் ஜெபக்கூடங்களையும் எரித்தார்கள். கிறிஸ்தவரான சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டதில் தொடங்கியதால் அதை மதச் சண்டை என்று சிலர் எழுதினார்கள். ஆனால் சாதி கீழே இருந்த பெண் தோளை மூடலாமா என்பதுதான் அங்கே கேள்வி. இந்துவாகவே இருந்த சாணார் பெண்களுக்கும் அதே தடைதான். கடைசியில் சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால் 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் அறிக்கை விட்டார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. சண்டைக்கு மதத்தின் பெயர், உள்ளே சாதி. இந்த மாவட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

மண்டைக்காடு கலவரத்தை எப்படிப் படிப்பது? அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டேன் என்கிறார்களே?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது, பதில் சொல்ல எனக்குக் கஷ்டமான கேள்வியும் இதுதான்.

நடந்தது சுருக்கமாக: மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்தெல்லாம் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல். கடலோரத்தில் கத்தோலிக்க மீனவர் ஊர்கள். 1982 மார்ச் 1 அன்று கடலுக்குப் போகிற வழியில் பக்தர்களுக்கும் மீனவர்களுக்கும் இடையே மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்புறம் நாள்கணக்கில் சுற்றுவட்டார ஊர்களுக்குப் பரவியது. வீடுகள், வள்ளங்கள், வழிபாட்டு இடங்கள் எரிந்தன. அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது.

இதை அந்த ஒரு நாளிலிருந்து தொடங்கினால் எதுவும் விளங்காது. 1981-ல் மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதியினர் பலர் இஸ்லாத்துக்கு மாறியது தமிழ்நாடு முழுக்கக் கிளப்பிய பதற்றம் ஒரு பக்கம். மாவட்டத்துக்குள் அமைப்புகள் வளர்ந்த விதம் இன்னொரு பக்கம். கடலில் பிழைக்கிறவர்களும் கரைக்கு உள்ளே விவசாயமும் வியாபாரமும் செய்கிறவர்களும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மார்ச் 1-க்கு வர வேண்டும்.

விசாரணை ஆணைய ஆவணத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1952-ன் விசாரணை ஆணையச் சட்டப்படி ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அதனால் கோர்ட்டில் வராத விவரம் அங்கே வரும். அதே நேரம் ஒவ்வொரு தரப்பும் வக்கீல் வைத்துத் தயாராகி வந்து சொன்னது அது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி வீட்டில் பேசாததைப் பற்றி. நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, அந்த நாட்களைப் பற்றி எழுதிய ஒரு அத்தியாயத்தை, எனக்கு நிறைய விவரம் சொன்ன ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். பின்புற வராந்தாவில் உட்கார்ந்து பாரைக்கோலில் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். “இரு சமூகத்தினருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது” என்று நான் படித்ததும் பாரைக்கோலிலிருந்து கையை எடுத்தார். “மக்களே, மோதுனது ரெண்டு சமூகம் இல்ல. எங்க ஊர்ல இருபது பேரு, அந்தப் பக்கம் ஒரு இருபது பேரு. ரெண்டு சமூகமும் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தோம். எங்களையும் ஏன் அதுல சேக்கியே?” என்றார். திட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டார். வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தில் ‘சமூகம்’ வந்த இடங்களையெல்லாம் எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் யார், எத்தனை பேர், எந்த ஊர், என்ன செய்தார்கள் என்று தேடிப் போட எனக்கு ஏழு மாதம் ஆனது. நாலு இடத்தில் விவரமே கிடைக்கவில்லை, அந்த வாக்கியங்களை எடுத்துவிட்டேன். இந்தத் துறைக்கு வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு மதத்தை எழுவாயாக வைத்து வன்முறை வாக்கியம் எழுதாதீர்கள். ஆளை எழுதுங்கள்.

பூசல் நடக்காத ஊர்களைப் படிப்பதும் ஆய்வா?

கட்டாயம். அசுதோஷ் வார்ஷ்னே என்ற அறிஞர் இந்தியாவின் ஆறு நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 2002-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். கலவரம் மூளும் அலிகாரையும் மூளாத கோழிக்கோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை போன்ற இடங்களில் மதம் கடந்து மக்கள் கலந்திருக்கிற ஊரில் வதந்தி கலவரமாவதற்கு முன் தடுக்கப்படுகிறது என்பது அவர் கண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லபடியாகப் பழகினால் மட்டும் போதாது, கூட்டாக ஒரு அமைப்பு வேண்டும் என்றார்.

நம் ஊரில் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. சீட்டுக் கம்பெனி, பால் சொசைட்டி, ரப்பர் உற்பத்தியாளர் சங்கம், கபடி கிளப், கிரந்தசாலை என்கிற நூலகம், மீனவர் கூட்டுறவுச் சங்கம். இதில் எந்தெந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இரண்டு மதத்து ஆட்களும் இருந்தார்கள், பதற்றம் வந்தபோது அந்த ஊரில் என்ன நடந்தது என்று யாராவது கிராமம் கிராமமாகப் பார்த்து எழுதினால் பெரிய காரியம். என் ஆயுளில் யாராவது செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கே படிக்கலாம்?

இளங்கலையில் வரலாறு, தமிழ், சமூகவியல், தத்துவம் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவவியல், சமணவியல் என்று தனித்தனித் துறைகள் உண்டு. மதங்களை ஒப்பிட்டுப் படிக்க பாட்டியாலாவில் பஞ்சாபி பல்கலைக்கழகம் பழைய இடம். ஹைதராபாத் ஹென்றி மார்ட்டின் நிலையம் சமய நல்லிணக்கத்துக்கும் பூசல் தீர்ப்புக்கும் பயிற்சி தருகிறது. கொடை விழா, வில்லுப்பாட்டு வழியாக நுழைய விரும்புகிறவர்களுக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் ‘மதங்களின் ஒப்பாய்வு’ என்று ஒரு பாடமே உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை.

என்னென்ன மொழி தெரிய வேண்டும்?

மலையாளம் இல்லாமல் முடியாது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முன்னுள்ள அரசு ஆவணங்கள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் மலையாளத்தில். இன்னும் பின்னால் போனால் மலையாண்மை, வட்டெழுத்து, கோலெழுத்து என்ற பழைய எழுத்துமுறைகள். தேதி கேரளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். 1859-ன் அறிக்கையைத் தேடுகிறவர் 1034 என்று தேட வேண்டும். லண்டன் மிஷன் ஊழியர்களின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மிஷனரி கடிதத்தில் உதவி கேட்கும் தொனி கூடுதலாக இருக்கும், திருவிதாங்கூர் திவானின் அலுவலகமான கச்சேரி ஆவணத்தில் சாதியார் புகார் முந்தி நிற்கும். ஒன்றை மட்டும் படித்து ஆய்வேடு எழுதினவர்கள் அந்த ஒன்றின் குரலிலேயே பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேவசகாயம் விஷயம் நல்ல உதாரணம். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவரானார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசத்துக்காகவா, அரசுக் குற்றத்துக்காகவா என்று வரலாற்றாசிரியர்களுக்குள் வாதம் நடந்தது. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் தந்தபோது பெயரில் ‘பிள்ளை’ இல்லை. சாதிப் பெயர் வேண்டாம் என்று முன்பே கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு மனிதரின் பெயரில் ஒரு சொல் இருக்கலாமா வேண்டாமா என்பதற்குள்ளேயே 270 ஆண்டு வரலாறு கிடக்கிறது.

“நீங்க எந்த மதம்?” என்று கேட்டால்?

கேட்பார்கள். பெயரைக் கேட்பார்கள், அப்புறம் ஊர், அப்புறம் “யாரு மகன்?” மூன்றாவது கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். மறைக்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டு, “உங்க பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது, அதைக் கேக்கத்தான் வந்தேன்” என்பேன். சிலர் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பலர் கருப்பட்டிக் காப்பி கொடுத்து இரண்டு மணிநேரம் பேசியிருக்கிறார்கள். தன் மதத்து ஆட்கள் தவறு செய்த இடத்தை எழுதும்போது பேனா தயங்கும். அந்த இடத்தில் தயங்காமல் எழுதினால்தான் மற்ற பக்கங்களுக்கு மதிப்பு.

களப்பணியில் உண்மையில் என்ன செய்வீர்கள்?

ஒரு நாளைச் சொல்கிறேன், ஊரைச் சொல்லவில்லை. தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். ஒரு பக்கம் ஊர்க் கமிட்டி, எதிரே சர்ச்சின் பங்குப் பேரவை ஆட்கள், நடுவில் தாசில்தார், வாசலில் இன்ஸ்பெக்டர். பிரச்சினை, ஒரு சப்பரம் போகிற வழியில் குருசடிக்குச் சுற்றுச்சுவர் கட்டியது. ஒன்றரை மணிநேரம் முன்னோர், மரியாதை, தியாகம் என்று பேசினார்கள். அப்புறம் சர்வேயர் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். நாலு மூலையிலும் காற்றுக்குப் பறக்காமல் டீ கிளாஸ் வைத்தார்கள். அதில் அந்தப் பாதை வண்டிப்பாதை புறம்போக்கு. இரண்டு பக்கமுமே பல ஆண்டாக அதில் கொஞ்சம் கொஞ்சம் ஏறி வந்திருந்தது. யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் விரலை வரைபடத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார், எதிர்ப் பக்கத்துப் பெரியவரும் குனிந்து அதே கோட்டைப் பார்த்தார். சுவர் இரண்டடி உள்ளே போவது, சப்பரம் போகும் நேரம் ஒலிபெருக்கி இரண்டு பக்கமும் நிறுத்துவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, யார் யாருக்கு முதலில் வணக்கம் வைத்தார்கள், யார் முகம் பார்த்து யார் பேச்சை நிறுத்தினார்கள் என்று குறித்துக்கொண்டேன். பெண்கள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை என்பதையும். அடுத்த நாள் அந்த ஊருக்குப் போய்ப் பெண்களிடம் கேட்டபோதுதான், குடிதண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்கு அப்புறம் மாட்டிக்கொண்டதில் தொடங்கியது சண்டை என்று தெரிந்தது. பெண் ஆய்வாளர்கள் இந்தத் துறைக்கு நிறைய வர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். எனக்குத் திண்ணைவரைதான் அனுமதி, அவர்களுக்கு அடுக்களைவரை.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

எளிதில் கிடைக்காது. அதை மறைத்து உங்களைக் கூப்பிட எனக்கு மனமில்லை. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. யுஜிசி சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தால் அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்கும். ஆனால் மதவியல் என்ற பெயரிலேயே வரும் இடங்கள் மிகக் குறைவு. வரலாறு, சமூகவியல், தமிழ் துறைகள் வழியாக நுழைகிறவர்கள்தான் அதிகம். அதனால் முதுகலையை அந்தத் துறைகளில் ஒன்றில் முடித்துவிட்டு, முனைவர் பட்டத்தில் இந்தப் பொருளை எடுப்பது பாதுகாப்பு. பத்திரிகை, மனித உரிமை அமைப்புகள், ஆவணக் காப்பகப் பணி, இறையியல் கல்லூரிகளில் பிற சமயங்கள் பாடம் எடுப்பது என்றும் வழிகள் உண்டு. வீட்டுக்குச் சம்பளம் உடனே வந்தாக வேண்டிய நிலை என்றால் முதலில் ஒரு வேலையைப் பிடித்துவிட்டுப் பகுதிநேரமாகச் செய்யுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் பயப்படுகிற அளவு அடிக்கடி இல்லை. சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். மதங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 153-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. மத உணர்வைப் புண்படுத்துவதற்கான 295-ஏ இப்போது 299. உங்களைவிட உங்களிடம் பேசினவருக்குத்தான் ஆபத்து அதிகம். பெயரை மாற்றினால் போதாது. “ஊரில் டெய்லர் கடை வைத்திருந்த விதவை” என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். ஒலிப்பதிவை போனிலேயே வைக்காதீர்கள்.

பதற்றம் நடந்துகொண்டிருக்கும்போது ஆய்வாளர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வாட்ஸ்அப்பில் வருவதை யாருக்கும் அனுப்பாமல் இருக்க வேண்டும், “இது உண்மையா?” என்று கேட்டுக்கூட. பழைய படமா, வேறு மாநிலத்துப் படமா என்று பார்த்துத் தெரிந்தால் தெரிந்தவர்களிடம் சொல்லலாம். நேரம், இடம், யார் சொன்னது என்று நாள்குறிப்பு எழுதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அது விலைமதிக்க முடியாததாக இருக்கும்.

சமாதானப் பேச்சில் உட்காரலாமா என்று கேட்டால், கூப்பிட்டால் போங்கள் என்பேன். 1982-ல் குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரண்டு பக்கத்து மக்களையும் பார்த்துச் சமாதானத்துக்கு உழைத்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர் மீனவர் ஊருக்குள் நடந்து போனதை நினைவு வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வாளர் அந்த அளவு பெரியவர் இல்லை. ஆனாலும் பழைய உடன்படிக்கைத் தாளைத் தேடி எடுத்துக் கொடுக்க முடியும். 1960-களில் விவேகானந்தர் பாறையில் சிலுவையா மண்டபமா என்று எழுந்த தகராறு முதல் இன்றுவரை, பேசித் தீர்த்ததற்கு எழுத்து இருந்த இடங்களில் அடுத்த தலைமுறைக்குப் பிடிமானம் இருக்கிறது.

இதைப் படித்தால் நம்பிக்கை போய்விடுமா?

எனக்குப் போகவில்லை. நண்பர்களில் சிலருக்குப் போனது, சிலருக்குக் கூடியது. அது அவரவர் பாடு.

பிளஸ் டூ படிக்கிறேன். இப்போதே எதையாவது தொடங்கலாமா?

தொடங்கலாம். உங்கள் ஊருக்கு ஒரு வரைபடம் போடுங்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல், பதி, அய்யாவழியினரின் சிறிய வழிபாட்டு இடமான நிழல் தாங்கல், குருசடி எல்லாவற்றையும் குறியுங்கள். கொடைக்கும் திருவிழாவுக்கும் ஊர்வலம் போகிற வழியை வேறு வேறு நிறத்தில் வரையுங்கள். இரண்டு நிறமும் வெட்டிக்கொள்கிற இடத்துக்குப் போய், பக்கத்து டீக்கடையில் இருக்கிற வயதானவரிடம் “பாட்டா, முன்னால இது எந்த வழியா போச்சு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தேதியும் போட்டு வையுங்கள்.